ஸ்பானிஷில் அச்சடித்துவிட்டால் போதுமா? லத்தீனோ மக்களிடம் புற்றுநோய்த் தடுப்பு பற்றிப் பேசுவது எப்படி

எல்லையோர நர்ஸ்

வணக்கம். டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய பகுதியில் ஒரு சமூக சுகாதார மையத்தில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே எல்லாரும் இதை ‘வேலி’ (Valley, அதாவது பள்ளத்தாக்கு) என்றுதான் சொல்வார்கள். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் மெக்சிகோ வழி வந்த குடும்பங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் புதிதாக ஒரு கையேடு போட மானியம் வந்திருக்கிறது. எங்கள் மேனேஜர் ஒரு டிசைனரைப் பிடித்து மாதிரியும் வாங்கிவிட்டார். அட்டையில் பெரிய மெக்சிகோ சோம்ப்ரேரோ தொப்பி, ஓரமெல்லாம் சிவப்பு மிளகாய், நடுவில் சிரிக்கிற ஒரு பாட்டி. உள்ளே புரட்டினால் ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த அதே பன்னிரண்டு பக்கம், வரிக்கு வரி ஸ்பானிஷில். இதைக் ‘கலாசாரத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது’ என்று மானிய அறிக்கையில் எழுதிவிடலாமாம்.

பழைய கையேடு என்ன ஆகிறது என்று நான் தினமும் பார்க்கிறேன். வரவேற்பறை ஸ்டாண்டில் இருந்து குழந்தைகள்தான் எடுக்கிறார்கள், பின்பக்கம் காலியாக இருப்பதால் கிரேயானில் படம் வரைய. அம்மாக்கள் கையில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

இந்தத் துறையில் இருப்பவர்கள், அமெரிக்காவில் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழி வந்த மக்களோடு வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த மீட்டிங்கில் வெறுமனே “எனக்குப் பிடிக்கவில்லை” என்று சொன்னால் எடுபடாது.

கணக்குப்பிள்ளை

நர்ஸம்மா, கொஞ்சம் எதிர்வாதம் செய்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸ் எல்லாருக்கும் ஒன்றுதான், தடுப்பூசி ஒன்றுதான், கர்ப்பப்பை வாயில் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் டெஸ்ட் ஒன்றுதான். 21 முதல் 65 வயது வரை குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எதற்குக் கலாசாரம்?

இன்னொன்று. மொத்தமாகப் பார்த்தால் ஹிஸ்பானிக் (அரசுக் கணக்குகளில் லத்தீனோக்களுக்கு உள்ள பெயர்) மக்களுக்குப் புற்றுநோய் வருவது வெள்ளையர்களைவிடக் குறைவு. நுரையீரல், மார்பகம், பெருங்குடல் மூன்றிலுமே குறைவு. இதயநோயை முந்திக்கொண்டு புற்றுநோய்தான் இவர்களின் முதல் மரணக் காரணம் ஆகிவிட்டது என்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2009ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து 2012இல் சொன்னது, பெரிய செய்தியானது. ஆனால் அந்த மக்கள்தொகையில் இளவயதினர் அதிகம் என்பதும் அதற்கு ஒரு காரணம், அதை யாரும் தலைப்பில் போடவில்லை.

2020 சென்சஸ்படி அமெரிக்காவில் இவர்கள் 6 கோடியே 20 லட்சம் பேர். மியாமியில் கிளினிக் வைத்திருக்கும் கியூபா டாக்டரும், தோட்டத்தில் பழம் பறிக்கும் குவாத்தமாலாக்காரரும் ஒரே கலாசாரமா? உங்கள் மேனேஜரின் தொப்பிப் படத்தைக் கிண்டல் செய்கிறோம், சரி. ‘லத்தீனோக்களுக்கு ஏற்ற மொழி’ என்று நீங்கள் தேடுவதும் அதே தொப்பியின் கொஞ்சம் நாகரிகமான வடிவம் இல்லையா?

எல்லையோர நர்ஸ்

கோபமெல்லாம் இல்லை, மீட்டிங்கில் இதைத்தான் கேட்பார்கள், இங்கேயே கேட்டது நல்லது.

மொத்தக் கணக்கு சரி. அதைப் பிரித்துப் பாருங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வெள்ளையர்களைவிட 30 முதல் 40 சதவீதம் அதிகம். வயிறும் கல்லீரலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லாமே கிருமியோடு தொடர்புள்ளவை: கர்ப்பப்பை வாய்க்கு எச்பிவி, வயிற்றுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, கல்லீரலுக்கு ஹெபடைட்டிஸ் வைரஸ். (கல்லீரலுக்குக் கொழுப்பு, சர்க்கரை, குடி என்று வேறு காரணங்களும் உண்டு.) கர்ப்பப்பை வாயை எடுத்துக்கொண்டால், புற்றாக மாறும் முன்பே பிடித்துவிடலாம், ஊசி போட்டுத் தடுக்கவும் செய்யலாம். எங்கள் எல்லை மாவட்டங்களில் இன்னும் பெண்கள் அதனால் சாகிறார்கள் என்றால் தகவல் போய்ச் சேரும் வழியில் ஏதோ அடைப்பு இருக்கிறது. அந்த அடைப்பு என்ன என்பதுதான் என் கேள்வி.

ஆய்வு மாணவி

லாஸ் ஏஞ்சல்ஸில் பொதுச் சுகாதாரம் படிக்கிறேன், இதுதான் என் பாடம் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை சார் சொன்ன ‘நாகரிகமான தொப்பி’ சிக்கலை ஆய்வாளர்கள் எப்போதோ பேசிவிட்டார்கள். கென் ரெஸ்னிகோ என்பவர் 1999இல் சகாக்களோடு எழுதிய கட்டுரையில் மேல்தளம், ஆழ்தளம் என்று இரண்டாகப் பிரித்தார். படம், நிறம், இசை, மொழி எல்லாம் மேல்தளம். பார்த்ததும் “இது நமக்கானது” என்று தோன்றச் செய்யும், அதோடு அதன் வேலை முடிந்தது. குடும்பத்தில் யார் முடிவெடுக்கிறார்கள், எதற்கு வெட்கப்படுகிறார்கள், யார் சொன்னால் நம்புவார்கள், டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவா இல்லையா, இதெல்லாம் ஆழ்தளம். உங்கள் மேனேஜர் மேல்தளத்தில் பெயின்ட் அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆழ்தளத்தில் வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஷீலா மர்ஃபி, லூர்தெஸ் பாயெஸ்கொண்டே-கர்பனாத்தி குழுவினர் ‘தி தமாலே லெசன்’ என்று 11 நிமிடக் குறும்படம் எடுத்தார்கள். ஒரு வீட்டில் கடைசிப் பெண்ணுக்குக் கின்சியானேரா, அதாவது 15ஆவது பிறந்தநாள் விசேஷம். வீட்டுப் பெண்கள் எல்லாம் சமையலறையில் உட்கார்ந்து தமாலே செய்கிறார்கள். சோள இலையில் மாவைத் தடவி, நடுவே இறைச்சி வைத்துச் சுருட்டி அடுக்குகிற வேலை, மணிக்கணக்காக நடக்கும், கை வேலையில் இருக்க வாய் சும்மா இருக்காது. அந்தப் பேச்சில்தான் ஒரு மகள் தனக்கு எச்பிவி இருப்பது தெரிந்ததைச் சொல்கிறாள், மற்றவர்களின் சந்தேகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அதே தகவல்களை டாக்டர்களும் புள்ளிவிவரமுமாகச் சொல்லும் இன்னொரு படமும் எடுத்து, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிப் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பிரிவுக்கு இதையும் இன்னொன்றுக்கு அதையும் காட்டினார்கள். கதைப் படம்தான் மேலாக நின்றது, மெக்சிகோ வழிப் பெண்களிடம் குறிப்பாக.

அந்தப் படத்தில் தொப்பி கிடையாது. பெண்கள் இந்த விஷயத்தை எங்கே, யாரோடு, எந்த வேலையின் நடுவே பேசுவார்கள் என்பதைக் கவனித்து எடுத்த படம் அது.

ஹூஸ்டன் மச்சான்

நான் இந்தத் துறை இல்லை, கட்டுமான வேலை சூப்பர்வைசர். என் கீழே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஹொண்டுராஸ், எல் சால்வடோர், மெக்சிகோ. சாப்பாட்டு நேரத்தில் போனில் எல்லாரும் தெலெநோவெலாதான் (ஸ்பானிஷ் டிவி சீரியல்) பார்க்கிறார்கள், ஆம்பிளைகள்தான் சொல்கிறேன்! அதனால் கதை எடுபடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சீரியலில் புற்றுநோய் கதை வைத்தால் ஊரே பேசும்.

ஆய்வு மாணவி

வைத்திருக்கிறார்கள் மச்சான். 2003இல் தெலெமுண்டோ என்ற ஸ்பானிஷ் சேனலின் ‘லாத்ரோன் தே கொராசோனெஸ்’ தொடரில் மார்பகப் புற்றுநோய்க் கிளைக்கதை வந்தது. தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் இலவசத் தொலைபேசி எண்ணைச் சொல்லும் அறிவிப்பும் தொடரின் நடுவே ஒளிபரப்பானது. ஸ்பானிஷில் வந்த அழைப்புகள் அப்போது சட்டென்று எகிறின. அதற்கு முன்னாலேயே 1975இல் மெக்சிகோவில் மிகேல் சாபிதோ என்ற டிவி தயாரிப்பாளர் முதியோர் கல்வியை வைத்து ஒரு தெலெநோவெலா எடுத்து, நிறையப் பேரை எழுதப் படிக்கச் சேர வைத்தார். இன்று உலகம் முழுக்க இந்த வேலை செய்கிறவர்கள் அவர் வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

எல்லையோர நர்ஸ்

எங்களுக்கு மேற்கே, அதே ஆற்றங்கரையில் ஈகிள் பாஸ் என்று ஓர் ஊர். அங்கே 1980களிலேயே ‘அ சு சலுத்’ என்ற புகை நிறுத்தும் திட்டம் நடந்தது, அமெலி ராமிரெஸ், ஆல்ஃபிரெட் மெக்அலிஸ்டர் எல்லாரும் சேர்ந்து. டிவியிலும் பத்திரிகையிலும் நடிகர்களைக் காட்டவில்லை, உள்ளூரில் சிகரெட்டை விட்டவர்களையே பேச வைத்தார்கள். கூடவே தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் போய் “நேற்று டிவியில் பேசினாரே, பார்த்தீர்களா?” என்று கேட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். எனக்கு அதில் பிடித்தது இந்த இரண்டாவது பாதிதான். வெறும் விளம்பரம் ஓடிவிட்டுப் போய்விடும், பக்கத்து வீட்டுக்காரர் போகமாட்டார்.

கணக்குப்பிள்ளை

கதை கேட்க நன்றாக இருக்கிறது. படம் பார்த்தபின் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சோதனை செய்துகொண்டார்கள்? அறிவு கூடியது, மனப்பான்மை மாறியது என்பதெல்லாம் எனக்குப் போதாது.

ஆய்வு மாணவி

அதற்கு வேறு ஆய்வு தருகிறேன். நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி-யின் நிதியில் ‘அமிகாஸ்’ என்ற திட்டம். எல் பாசோ, ஹூஸ்டன், வாஷிங்டன் மாநிலத்தில் யாகிமா பள்ளத்தாக்கு என மூன்று இடங்களில், பாப் டெஸ்ட் தள்ளிப்போய்விட்ட மெக்சிகோ வழிப் பெண்கள் 613 பேர். இவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மற்ற மூன்று குழுவுக்கும் ப்ரொமோதோரா வீட்டுக்குப் போனார். ப்ரொமோதோரா என்றால் அதே தெருவில், அதே மாதிரி குடும்பத்தில் இருந்து பயிற்சி கொடுத்து எடுக்கப்பட்ட பெண். வீடியோ, பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டும் படத்தாள், இரண்டும் சேர்ந்து என்று மூன்று விதம். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது வழக்கமான குழுவில் 25 சதவீதம் பேர் சோதனை செய்திருந்தார்கள், முழுத் திட்டம் கிடைத்த குழுவில் 52 சதவீதம். 2013இல் வெளியானது.

கணக்குப்பிள்ளை

இரண்டு மடங்கு. சரி, மரியாதைக்குரிய எண்தான். ஆனால் இரண்டு ஓட்டை. ஒன்று, அது அவர்களே வாயால் சொன்னது, பரிசோதனைக்கூடப் பதிவு இல்லை. வீடு தேடி வந்து அன்பாகப் பேசிய பெண்ணை நினைத்துக்கொண்டு “போகவில்லை” என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. இரண்டு, அந்தப் ப்ரொமோதோரா வெறுமனே கலாசாரம் பேசிவிட்டு வந்தாரா? எங்கே போவது, எவ்வளவு ஆகும், யாருக்கு இலவசம் என்றும் சொல்லியிருப்பார் அல்லவா? அப்படியானால் வேலை செய்தது கலாசாரமா, வழிகாட்டலா?

எல்லையோர நர்ஸ்

இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மையத்தில் ஒரு ப்ரொமோதோரா இருக்கிறார். அவர் வேலை செய்வதை ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்தேன். கொலோனியா என்று சொல்வோம், ஊருக்கு வெளியே சாக்கடை வசதி, நல்ல ரோடு இல்லாத குடியிருப்பு. போனதும் புற்றுநோய் என்று வாயைத் திறக்கவில்லை. முதலில் மருமகளின் பிரசவம், அப்புறம் தண்ணீர் பில், அப்புறம் யாரோ ஒரு சித்தப்பாவின் முழங்கால். நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் மடியில் படத்தாளை விரித்தார். முதல் படம் புரட்டும்போதே அந்த வீட்டம்மா எழுந்து போய் முன் அறையில் இருந்த மகனை “வெளியே போய் விளையாடு” என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தப்பட்டபின் வந்த கேள்விகள் எங்கள் கையேட்டில் ஒன்றுகூட இல்லை. இது பரவுகிற கிருமி என்றால் என் புருஷன் வேறு எங்கோ போயிருக்கிறான் என்று அர்த்தமா? மெக்சிகோவில் இருக்கும்போதே வந்திருக்குமா? பரிசோதிப்பவர் ஆண் டாக்டரா? ரிசல்ட்டை வீட்டுக்குக் கடிதமாக அனுப்புவீர்களா, இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தது என் மகன்தானே?

கடைசிக் கேள்வியைப் பாருங்கள். அது வெட்கமா, நிர்வாகமா? அம்மாவின் கர்ப்பப்பை ரிசல்ட்டைப் பன்னிரண்டு வயது மகன் மொழிபெயர்த்துப் படிக்க நேர்வதைக் கையேட்டின் அட்டைப்படம் சரிசெய்யாது. “கடிதம் வேண்டாம், இந்த நம்பரில் இத்தனை மணிக்குக் கூப்பிடுங்கள்” என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால் சரியாகிவிடும். அந்தக் கட்டம் வேண்டும் என்று எங்களுக்குத் தெரிய ப்ரொமோதோரா தேவைப்பட்டார்.

பெர்ரித் தோட்டம்

ஓக்ஸ்னார்டில் இருந்து எழுதுகிறேன், கலிஃபோர்னியா, ஸ்ட்ராபெர்ரி ஊர். ஸ்பானிஷ், ஸ்பானிஷ் என்று எல்லாரும் சொல்கிறீர்களே, இங்கே தோட்டங்களில் வேலை செய்யும் பலருக்கு ஸ்பானிஷே தாய்மொழி கிடையாது. மெக்சிகோவின் ஓஹாகா, கெரேரோ பக்கத்தில் இருந்து வந்த மிஷ்டெக்கோ என்ற பூர்வகுடி மக்கள். அவர்கள் மொழியே ஊருக்கு ஊர் மாறும், வீட்டில் எழுதிப் படிக்கிற வழக்கம் குறைவு. உங்கள் கையேட்டை எந்த மொழியில் அச்சடித்தாலும் பயன் இல்லை. இங்கே எடுபடுவது ரேடியோ. எம்ஐசிஓபி என்ற அமைப்பு ‘ரேடியோ இந்தீஹெனா’ என்று ஒரு நிலையமே நடத்துகிறது, அதில் பேசுகிறவர்கள் அந்தந்தக் கிராமத்து மொழியிலேயே பேசுகிறார்கள். டாக்டர் சொன்னதை ஸ்பானிஷுக்கு ஒருவர், அங்கிருந்து மிஷ்டெக்கோவுக்கு இன்னொருவர் என்று இரட்டை மொழிபெயர்ப்பு நடப்பதும் உண்டு. பாதி வழியில் என்னென்ன உதிர்ந்து போகுமோ.

வெட்டிப்பேச்சு

எவ்வளவு சொன்னாலும் “கடவுள் விட்ட வழி” என்று இருப்பவர்களை என்ன செய்வது? லத்தீனோக்களிடம் விதி நம்பிக்கை அதிகம், அதனால்தான் சோதனைக்கு வருவதில்லை என்று நானும் எங்கேயோ படித்திருக்கிறேன்.

ஆய்வு மாணவி

நீங்கள் படித்தது நிஜம்தான், அப்படி எழுதிய கட்டுரைகள் ஏராளம். அதற்கு மறுப்பும் உண்டு. அனா அப்ராயிதோ-லான்ஸாவும் சகாக்களும் 2007இல் ‘இந்த விதி விஷயத்தை மறுபடி யோசிக்க வேண்டும்’ என்று எழுதினார்கள். வருமானம், இன்சூரன்ஸ், படிப்பு இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் விதி நம்பிக்கை என்று முத்திரை குத்தினால் பழி முழுக்க மக்கள் தலையில் விழுந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். இன்சூரன்ஸ் இல்லாதவருக்குப் புற்றுநோய் வந்தால் உயிர் பிழைக்க வழி குறைவு என்பது அவருக்கே தெரியும். அதை அவர் சொன்னால் நாம் விதி நம்பிக்கை என்று கட்டம் டிக் அடிக்கிறோம்!

எல்லையோர நர்ஸ்

இதற்கு எங்கள் மையத்திலேயே பதில் இருக்கிறது. எச்பிவி தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் இல்லாத பிள்ளைகளுக்கு 18 வயது வரை மத்திய அரசுத் திட்டத்தில் ஊசி மருந்து இலவசம், 1994இல் இருந்து அந்தத் திட்டம் இருக்கிறது. சிடிசி எடுக்கும் பதின்வயதினர் கணக்கெடுப்பில், இந்த ஊசியை ஆரம்பிப்பதில் ஹிஸ்பானிக் பிள்ளைகள் பல வருடங்களாக வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு முன்னால்தான் இருக்கிறார்கள். அதே அம்மாக்கள்தான் அழைத்து வருகிறார்கள். விதி நம்பிக்கை பிள்ளைக்கு மட்டும் விடுமுறை எடுத்துக்கொள்ளுமா?

வெட்டிப்பேச்சு

ஹா ஹா, சரி, இதற்குப் பதில் இல்லை.

ஹூஸ்டன் மச்சான்

ஆம்பிளைகள் பக்கம் ஒரு வார்த்தை. எங்கள் சைட்டில் ஒருமுறை ஒரு அமைப்பினர் வந்து பெருங்குடல் புற்றுநோய் பற்றிப் பேசினார்கள். கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை என்று சொன்னதும் பின்வரிசையில் சிரிப்பு, கேலி, அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் வீட்டிலேயே மலத்தில் மாதிரி எடுத்து அனுப்பும் கிட் இருக்கிறது, 45 வயதானால் வருடம் ஒருமுறை போதும், அதில் ஏதாவது தெரிந்தால்தான் மற்றது என்றார்கள். வயதான மேஸ்திரி ஒருவர் மட்டும் எழுந்து போய் இரண்டு கிட் வாங்கிக்கொண்டார். தனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்றார். அவர் வாங்கியதும் வரிசை வந்துவிட்டது. அந்தப் பேச்சாளர் அரைமணி நேரம் பேசியதைவிட அந்த மேஸ்திரி எழுந்து நடந்ததுதான் வேலை செய்தது.

கணக்குப்பிள்ளை

கிட் வாங்கிய எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள்?

ஹூஸ்டன் மச்சான்

தெரியாது சாமி! நீங்கள் ஒருவர் போதும்.

எல்லையோர நர்ஸ்

இதுவரை யாரும் தொடாத ஒன்று இருக்கிறது, பயம். புற்றுநோய்ப் பயம் இல்லை. எங்கள் பகுதியில் இருந்து வடக்கே போகும் இரண்டு பெரிய சாலைகளிலும், ஃபால்ஃபுரியாஸிலும் சரீட்டாவிலும், எல்லைக் காவல்படையின் சோதனைச் சாவடி இருக்கிறது. காகிதம், அதாவது குடியேற்ற அனுமதி, இல்லாதவர் அதைத் தாண்டி சான் அன்டோனியோவுக்கோ ஹூஸ்டனுக்கோ சிகிச்சைக்குப் போக முடியாது. பரிசோதனை செய்ய எங்களிடம் பணம் இருக்கிறது, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த மார்பக, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் திட்டம் கைகொடுக்கிறது. புற்று என்று உறுதியானால்? சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும் மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு), காகிதம் இல்லாதவர்களுக்குக் கிடையாது. “கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று ஒரு அம்மா என்னிடம் நேராகவே கேட்டார். அதற்கு ‘சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும்’ என்று கையேட்டு வாசகத்தை எப்படிச் சொல்வது?

2019இல் அரசு உதவி வாங்கினால் கிரீன் கார்டு கிடைக்காது என்ற விதி வந்தபோது, அதில் சேராத உதவிகளைக்கூட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. 2021இல் அந்த விதி போய்விட்டது. பயம் போகவில்லை.

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. குடியேற்ற அரசியலுக்குள் மட்டும் இறங்கிவிட வேண்டாம், அதற்குத் தனி இழை இருக்கிறது.

பெர்ரித் தோட்டம்

அரசியல் இல்லாமல் இதை எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. சரி, மட்டுறுத்துநர் சொல்லிவிட்டார். நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். மெக்சிகோ தூதரகங்களில் ‘வெந்தானில்யா தே சலுத்’ என்று சுகாதார கவுன்ட்டர் இருக்கும், 2003 வாக்கில் சான் டியேகோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஆரம்பித்து இப்போது அமெரிக்கா முழுக்க. பாஸ்போர்ட்டுக்காக எப்படியும் பாதி நாள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே காகிதம் இருக்கிறதா என்ற பயமே இல்லை, அது அவர்கள் நாட்டு அலுவலகம். நர்ஸக்கா, மெக்அலனில் தூதரகம் இருக்கிறதே, கேட்டுப் பாருங்கள்.

ஆய்வு மாணவி

வெட்கம், ஆண் டாக்டர் என்ற இரண்டுக்கும் இன்னொரு வழி வந்திருக்கிறது. எச்பிவி சோதனைக்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துக் கொடுப்பதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மே 2024இல் அனுமதி கொடுத்தது, கிளினிக்கில் ஒரு தனியறையில். 2025இல் வீட்டிலேயே எடுக்கும் ஒரு கருவிக்கும் அனுமதி கிடைத்தது. முதல் அடிக்கு மேசையில் கால் தூக்கிப் படுக்க வேண்டியதில்லை. இதைப் ப்ரொமோதோரா கையில் கொடுத்து அனுப்ப முடிந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

எல்லையோர நர்ஸ்

மீட்டிங் முடிந்தது. நான் கேட்டது: பன்னிரண்டு பக்கம் வேண்டாம், ஒரே தாள். அதில் போன் நம்பர், செலவு, பெண் நர்ஸ்தான் பரிசோதிப்பார் என்ற வரி, சனிக்கிழமை நேரம். எங்கள் மையம் சனிக்கிழமை திறப்பதே இல்லை, அதனால் மாதம் ஒரு சனிக்கிழமையாவது திறக்க வேண்டும் என்றும் கேட்டேன். மிச்சப் பணம் ப்ரொமோதோரா சம்பளத்துக்கு. இப்போது அவருக்கு வாரம் எட்டு மணி நேரம்தான் கொடுக்கிறோம், பெட்ரோல் அவர் கைக்காசு. மேனேஜர் யோசனை நல்லது என்றார், ஆனால் மானியத்தில் ‘அச்சு’ என்று ஒதுக்கிய பணத்தைச் சம்பளத்துக்கு மாற்ற முடியாதாம்.

கணக்குப்பிள்ளை

முடியும். மானியம் கொடுத்தவரிடம் பட்ஜெட் திருத்தம் கேட்டு எழுத வேண்டும், நான் செய்யும் வேலையே அதுதான். அச்சகத்துக்கு ஆர்டர் போவதற்கு முன் அனுப்புங்கள், போனபின் கேட்டால் காதில் வாங்கமாட்டார்கள். அமிகாஸ் எண்ணை அதில் மேற்கோள் காட்டுங்கள், (ஆமாம், நானே சொல்கிறேன்). கூடவே, வெற்றியை வாய்மொழியாகக் கேட்டு அளக்காமல் உங்கள் பரிசோதனைக்கூடப் பதிவை வைத்து அளப்போம் என்று ஒரு வரி சேர்த்தால் மறுக்கக் கஷ்டப்படுவார்கள். வரைவைத் தனிமடலில் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

ஹூஸ்டன் மச்சான்

இழையை மூடுவதற்கு முன் எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள். அந்தப் பெருங்குடல் கிட்டை மறுபடி எங்கள் ஆட்களுக்கு வாங்கிக் கொடுக்க யாரைப் பிடிப்பது? பாதிப் பேருக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

எல்லையோர நர்ஸ்

உங்கள் பக்கத்துச் சமூக சுகாதார மையத்துக்குப் போன் செய்யுங்கள், வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் போடுவார்கள். கிட்டைக் கையில் வாங்குவதற்கு முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: பாசிட்டிவ் வந்தால் கொலோனோஸ்கோபி எங்கே, யார் செலவில்? அவர்களிடம் அதற்குப் பதில் இல்லையென்றால் வேறு மையத்தைப் பாருங்கள். அப்புறம் அந்த மேஸ்திரியையே முதலில் பேசச் சொல்லுங்கள்.